லியோனில் பத்து யூரோவுக்குள் நல்ல ஒயின் வாங்குவது எப்படி?

மேற்படிப்புக்காக லியோனுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது என்றும், கடையில் ஒரு சுவர் முழுக்க அடுக்கியிருக்கும் ஒயின் புட்டிகளுக்கு முன் நின்று, மிக மலிவானதையோ படம் அழகாக இருப்பதையோ எடுத்து ஏமாறுவதே வழக்கமாகிவிட்டது என்றும், மாதச் செலவு எகிறாமல் நல்ல ஒயின் வாங்க வழி உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஊரில் நீங்கள் ருசித்ததெல்லாம் கிறிஸ்துமஸ் சமயத்தில் பக்கத்து வீட்டில் செய்துதந்த இனிப்பு ஒயின் மட்டுமே என்பதையும், அடுத்த கோடையில் அப்பாவும் அம்மாவும் வந்து திரும்பும்போது அவர்களிடம் ஓரிரு புட்டிகள் கொடுத்தனுப்ப விரும்புவதையும் சொல்லியிருக்கிறீர்கள். நான் இந்த ஊரில் பன்னிரண்டு ஆண்டுகளாக வசிக்கிறேன். மாணவனாக வந்தபோது எனக்கும் இதே குழப்பம் இருந்தது. வழி நிச்சயமாக உண்டு. அதிலும் நீங்கள் வந்து சேர்ந்திருப்பது அதற்கு மிகத் தோதான ஊர். லியோனுக்கு ரோன், சோன், பொஜொலே என மூன்று ஆறுகள் என்று இங்குள்ளவர்கள் சொல்வார்கள். மூன்றாவது ஆறு வடக்கேயிருந்து வரும் ஒயின்தான்.

முதலில் விலையைப் புரிந்துகொள்ள வேண்டும். பிரான்சில் சாதாரண ஒயின்மீது விதிக்கப்படும் கலால் வரி 100 லிட்டருக்குச் சுமார் 4 யூரோதான். அதாவது ஒரு புட்டிக்கு மூன்று சென்ட் அளவே. அதற்கு மேல் 20 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி உண்டு. ஆகவே 4.80 யூரோ கொடுத்து ஒரு புட்டி வாங்கினால் 80 சென்ட் வரியாகப் போய், மீதி 4 யூரோவில் கண்ணாடிப் புட்டி, தக்கை, ஒட்டுத்தாள், அட்டைப்பெட்டி, லாரிக் கூலி, கடைக்காரரின் லாபம் எல்லாம் அடங்க வேண்டும். புட்டிக்குள் இருப்பது எதுவானாலும் இந்தச் செலவுகள் பெரிதாக மாறுவதில்லை. எனவே மூன்று யூரோ புட்டியில் திராட்சை விளைவித்தவருக்குப் போய்ச் சேருவது மிகச் சொற்பம். ஏழு யூரோவிலிருந்து பத்து யூரோ வரை கொடுக்கும்போது கூடுதலாகக் கொடுக்கும் பணத்தின் பெரும்பகுதி உள்ளே இருக்கும் ஒயினின் தரத்துக்காகச் செலவாகிறது. இருபது யூரோவைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் ஊர்ப்பெயருக்கும் அரிய சரக்கு என்பதற்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறோம். மாணவர்கள் மூன்று யூரோ புட்டி இரண்டை வாங்குவதைவிட எட்டு யூரோ புட்டி ஒன்றை வாங்குவது நல்லது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். இந்தக் கணக்கு நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் கலால் வரி மட்டுமே ஒரு புட்டிக்கு இரண்டு பவுண்டைத் தாண்டிவிடும் என்பதால், இங்கே ஆறு யூரோவுக்குக் கிடைக்கும் தரத்தை லண்டனில் அதே தொகைக்குத் தேடினால் கிடைக்காது.

இனி முக்கியமான விஷயம். பிரான்சில் ஒயினின் விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அது விளைந்த இடத்தின் பெயர். 1935இல் இதற்கென ஒரு தேசிய நிறுவனம் அமைக்கப்பட்டு, எந்தக் கிராமத்தின் எந்த நிலத்தில், எந்தத் திராட்சையை, ஏக்கருக்கு எவ்வளவு விளைவித்தால் அந்த ஊரின் பெயரைப் புட்டியில் போட்டுக்கொள்ளலாம் என்பது சட்டமாக்கப்பட்டது. இந்தப் பெயருரிமைக்கு அப்பெலாசியோன் என்று பெயர். எல்லை என்று வந்துவிட்டால் எல்லைக்கு அப்பால் ஒருவர் இருக்கத்தானே வேண்டும்? அந்த அண்டை வீட்டுக்காரரைக் கண்டுபிடிப்பதுதான் குறைந்த செலவில் நல்ல ஒயின் குடிப்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த வழி.

லியோனுக்குத் தெற்கே 35 கிலோமீட்டர் தொலைவில் ஆம்புயி என்ற சிற்றூரின் செங்குத்தான சரிவுகளில் கோத் ரோத்தி விளைகிறது. சீரா என்ற கருந்திராட்சையில் செய்யப்படும் இந்த ஒயின் நாற்பது யூரோவுக்குக் குறைந்து கிடைப்பது அரிது. அதே ஊரில், அதே விவசாயிகளில் பலர், பெயருரிமை எல்லைக்குச் சற்று வெளியே உள்ள நிலத்திலோ இன்னும் இளமையாக இருக்கும் கொடிகளிலோ விளையும் சீராவை கொலீன் ரோதானியென் என்ற எளிய பெயரில் புட்டியில் அடைத்து, பத்து முதல் பதினைந்து யூரோவுக்கு விற்கிறார்கள். உழைப்பவரும் ஒருவரே, செடியும் அதே இனம், பல சமயம் ஒயின் செய்யும் நிலவறையும் ஒன்றே. கோத் ரோத்தியின் ஆழம் அதில் இருக்காது. ஆனால் நசுக்கிய மிளகின் மணமும் கருநீலப் பழங்களின் சாயலும் அப்படியே இருக்கும். பக்கத்தில் உள்ள கோந்திரியு என்ற வெள்ளை ஒயினுக்கும் இதே கதைதான்: வியோனியே என்ற மணம் மிகுந்த திராட்சையின் சுவையை அறிய விரும்பினால் கோந்திரியு வாங்க வேண்டியதில்லை, ஆர்தேஷ் மாவட்டத்து வியோனியே போதும். வடக்கே மாகோன் பக்கம் போனால் புயி ஃபுய்சே என்ற புகழ்பெற்ற வெள்ளைக்குப் பக்கத்திலேயே சாந் வெரான் இருக்கிறது. இரண்டும் ஷார்தொனே திராட்சைதான். விலையோ ஏறக்குறைய பாதி. மாகோன் வில்லாஜ் அதற்கும் கீழே.

பொஜொலேயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் லியோனில் இருந்துகொண்டு அதை ஒதுக்குவது பெரிய இழப்பு. நவம்பர் மாதம் மூன்றாவது வியாழக்கிழமை ஊரெங்கும் பலகை வைத்து விற்கும் புது ஒயினைக் குடித்துவிட்டு, பொஜொலே என்றாலே இவ்வளவுதான் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அது அறுவடை முடிந்து சில வாரங்களில் வரும் கொண்டாட்டச் சரக்கு. அதை வைத்து அந்த மண்ணை எடைபோடக் கூடாது. இங்கே விளையும் கமே என்ற திராட்சைக்கு ஒரு பழைய அவமானம் உண்டு. 1395இல் வடக்கே பர்கண்டி பகுதியை ஆண்ட கோமகன் துணிச்சல்கார பிலிப், இது மோசமான, நம்பத்தகாத செடி என்று கூறித் தன் நிலத்திலிருந்து பிடுங்கியெறிய ஆணையிட்டார். ஆனால் தெற்கே பொஜொலேயின் கருங்கல் மண்ணில்தான் அந்தச் செடி தன் முழு அழகையும் காட்டுகிறது. அங்கே பத்துக் கிராமப் பகுதிகளுக்கு மட்டும் தனிப் பெயருரிமை உண்டு: சாந்த் அமூர், ஜூலியேனா, ஷேனா, மூலன் ஆ வான், ஃப்ளூரி, ஷிரூபிள், மொர்கோன், ரேனியே, புரூயி, கோத் த புரூயி. இந்தப் புட்டிகளில் பொஜொலே என்ற சொல் பெரும்பாலும் பெரிதாக இருக்காது, அல்லது இருக்கவே இருக்காது. ஊர்ப்பெயர் மட்டுமே இருக்கும். இந்தப் பத்துப் பெயர்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஒன்பது முதல் பதினான்கு யூரோவுக்குள் பிரான்சில் கிடைக்கும் சிவப்பு ஒயின்களில் இவற்றுக்கு நிகரானவை மிகக் குறைவு என்பது என் உறுதியான கருத்து. பத்து யூரோவுக்குள்தான் வேண்டும் என்றால், 1988இல் கடைசியாக இப்பட்டியலில் சேர்ந்த ரேனியேயும், உயரமான மலைச்சரிவில் விளையும் ஷிரூபிளும் பொதுவாக விலை குறைந்தவை. அதற்கும் கீழே பொஜொலே வில்லாஜ் உண்டு. ஏழு யூரோவுக்கு மிக நல்ல புட்டிகளை நான் வாங்கியிருக்கிறேன்.

நம் நாக்குக்கு இது பிடிப்பதற்குக் காரணம் உண்டு. பொஜொலேயில் திராட்சைக் குலைகளை நசுக்காமல் முழுதாகவே தொட்டியில் இட்டு நொதிக்கவிடும் முறை பரவலாக இருப்பதால் பழ மணம் தூக்கலாகவும் துவர்ப்பு குறைவாகவும் அமைகிறது. துவர்ப்பு என்ற சொல்லை இங்கே வேண்டுமென்றே பயன்படுத்துகிறேன். பாக்கை மென்றாலோ மாதுளந்தோலைக் கடித்தாலோ வாய் உலர்ந்து இழுக்குமே, சிவப்பு ஒயின் முதன்முதலில் பலருக்குப் பிடிக்காமல் போவதற்கு அதுதான் காரணம். அறுசுவையில் ஒன்றாக அதை எண்ணிப் பழகிய நமக்கு அதை அடையாளம் காண்பது கடினமில்லை. எனவே ஒவ்வொரு புட்டியைத் திறக்கும்போதும் துவர்ப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு, இனிப்பு உண்டா, மரப்பீப்பாயின் மணம் வருகிறதா என்ற நான்கை மட்டும் கவனித்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பத்துப் புட்டிகளுக்குள் உங்களுக்கு எது வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

அந்தத் தெளிவோடு போக வேண்டிய இடம் கவிஸ்த் எனப்படும் ஒயின் மட்டுமே விற்கும் சிறு கடைக்காரர். அவரிடம் போனால் செலவு கூடும் என்ற அச்சம் தேவையில்லை. எட்டு யூரோ புட்டி இல்லாத கவிஸ்த் கடையை நான் பார்த்ததில்லை. தொகையைத் தயங்காமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பழச்சுவை மிகுந்தது என்பதற்கு ஃப்ருய்தே, துவர்ப்பு மிகுந்தது என்பதற்குத் தானிக், மரவாசம் உள்ளது என்பதற்கு புவாஸே, இனிப்பில்லாதது என்பதற்கு செக், இனிப்பானது என்பதற்கு முவல்லு ஆகிய ஐந்து சொற்கள் தெரிந்தால் உங்கள் பிரெஞ்சு எவ்வளவு தடுமாறினாலும் காரியம் நடக்கும். பத்து யூரோவுக்குள், ஃப்ருய்தே, தானிக் அல்லாதது என்று கேட்டு வாங்குங்கள். அடுத்த வாரம் போய் அது பிடித்ததா இல்லையா என்று சொல்லுங்கள். மூன்றாவது முறை அவரே உங்களுக்காக ஒன்றை எடுத்து வைத்திருப்பார். மேலும், திறந்த புட்டியில் நனைந்த அட்டைப்பெட்டியின் பூஞ்சை நாற்றம் வந்தால் அது தக்கையால் கெட்டுப்போனது. மீதியோடு திருப்பிக் கொண்டுபோனால் நல்ல கவிஸ்த் வேறு புட்டி கொடுத்துவிடுவார்.

பேரங்காடியிலும் வாங்கலாம், ஆனால் அங்கே புட்டிதான் பேச வேண்டும், ஆகவே ஒட்டுத்தாளைப் படிக்கத் தெரிய வேண்டும். வந்த முதல் ஆண்டில் பழைய நகரத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கான ஒரு கடையில், கோட்டைப் படமும் தங்க எழுத்தும் கனத்த கண்ணாடியும் பார்த்து 18 யூரோவுக்கு ஒரு போர்தோ வட்டார ஒயின் வாங்கினேன். தண்ணீர் கலந்ததுபோல் இருந்தது. ஷத்தோ என்ற சொல் இருப்பதால் அங்கே கோட்டை இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதும், முதிர்ந்த கொடிகள் என்று பொருள்படும் வியேய் வீஞ் என்பதற்கு எத்தனை வயது என்று சட்டம் எதுவும் வரையறுக்கவில்லை என்பதும், போர்தோவின் மாபெரும் ஒயின் என்ற வாசகத்தை மிகச் சாதாரணப் புட்டியும் தாங்கி வரலாம் என்பதும் பின்னர்தான் தெரிந்தது. பார்க்க வேண்டியது சிறிய எழுத்தில் இருக்கும் வரி: யார், எங்கே புட்டியில் அடைத்தார்கள் என்பது. பண்ணையிலேயே அடைத்தது என்ற பொருளில் ஓ தொமேன் அல்லது ஆ லா புரொப்ரியேத்தே என்று இருந்தால், விளைவித்தவரே பொறுப்பு என்று கொள்ளலாம். அஞ்சல் குறியீட்டின் முதல் இரண்டு இலக்கங்கள் மாவட்டத்தைக் காட்டும். மொர்கோன் புட்டியில் 69 என்று தொடங்கினால் அது விளைந்த மாவட்டத்திலேயே அடைக்கப்பட்டது. புட்டியின் தலைப்பகுதி உறையில் மரியான் என்ற பெண்முகம் பொறித்த வட்ட முத்திரை இருந்தால், ஆர் என்ற எழுத்து விளைவித்தவரையும் என் என்ற எழுத்து வாங்கி விற்கும் வணிகரையும் குறிக்கும்; 2019இலிருந்து இந்த முத்திரை கட்டாயமில்லை என்பதால் இல்லாத புட்டிகளை ஒதுக்க வேண்டாம். வணிகர் அடைத்தது என்றாலே மட்டம் என்றும் சொல்ல மாட்டேன், ஆனால் பெயர் தெரியாத இரண்டுக்கு நடுவே விளைவித்தவரின் புட்டியையே நான் எடுப்பேன். பதக்கம் ஒட்டியிருந்தால் அது எந்தப் போட்டியில் எந்த ஆண்டு கிடைத்தது என்று பாருங்கள். பாரிசில் அரசு ஆதரவில் நடக்கும் வேளாண் போட்டி 1870இல் தொடங்கியது, அதன் பதக்கத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் பொதுவாகப் போட்டிக்கு வரும் ஒயின்களில் மூன்றில் ஒரு பங்கு வரை பதக்கம் தர விதி இடம் கொடுக்கிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

செப்டம்பரில் எல்லாப் பேரங்காடிகளிலும் ஒயின் சந்தை என்ற பெயரில் சில வாரங்கள் தள்ளுபடி நடக்கும். அதைவிட எனக்குப் பிடித்தது இலையுதிர் காலத்தில் தனித்து இயங்கும் சிறு விளைவிப்பாளர்கள் ஒன்றுகூடி நடத்தும் கண்காட்சி; நுழைவின்போது ஒரு கோப்பை தருவார்கள், அதைக் கையில் ஏந்திக்கொண்டு மேசை மேசையாகச் சென்று விளைவித்தவரின் கையாலேயே ஊற்றி வாங்கிச் சுவைத்து, பண்ணை விலைக்கே வாங்கலாம். அங்கே எல்லோரும் சுவைத்துவிட்டுத் துப்புவார்கள். நீங்களும் தயங்காமல் துப்புங்கள். அது மரியாதைக் குறைவு அல்ல, தொழில் தெரிந்தவர்களின் வழக்கம்.

இனிப்பு ஒயின் பிடிக்கும் என்று சொல்ல வெட்கப்படவே வேண்டாம். ஊரில் ஒயின்ஷாப் என்ற பலகைக்குப் பின்னால் பிராந்தியும் விஸ்கியுமே விற்கக் கண்ட நமக்கு, இனிப்பாகச் செய்த வீட்டு ஒயின்தான் இயல்பான முதல் அறிமுகம். அந்த நாக்குக்கு உகந்த இரண்டு ஒயின்கள் லியோனுக்கு அருகிலேயே உண்டு. கிழக்கே புஜே மலைப்பகுதியில் விளையும் செர்தோன் இளஞ்சிவப்பு நிறத்தில் நுரைக்கும். நொதித்து முடிவதற்கு முன்பே புட்டியில் அடைப்பதால் பழத்தின் சர்க்கரை மிஞ்சி நிற்கும், மது அளவும் சுமார் 8 விழுக்காடுதான். தெற்கே துரோம் மாவட்டத்தின் கிளரெத் த தீ மஸ்கட் திராட்சையின் ரோஜா மணம் கொண்டது. இரண்டுமே எட்டு முதல் பதினொரு யூரோவுக்குள் கிடைக்கும். பிறந்தநாள் போன்ற நாட்களுக்கு இனிப்பில்லாத நுரை ஒயின் வேண்டுமானால் ஷாம்பெயினுக்குப் போகாமல் கிரெமான் வாங்குங்கள்: புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கவிடும் அதே செய்முறை, விலை மூன்றில் ஒரு பங்கு.

உணவகத்தில் புட்டி கேட்காதீர்கள்; கடை விலையின் இரண்டு மூன்று மடங்கு வைப்பார்கள். லியோனின் பாரம்பரிய உணவகங்களான புஷோன்களில் ‘போ’ என்ற குடுவை அளவில் கேட்டால், அடிப்பகுதி தடித்த 46 சென்டிலிட்டர் கண்ணாடிக் குடுவையில் வீட்டு ஒயினை ஊற்றி வைப்பார்கள், இருவருக்குத் தாராளம். வேறு ஊர்களில் பிஷே என்று கேளுங்கள், கால் லிட்டரும் அரை லிட்டரும் கிடைக்கும். கூடவே ஒரு குடுவைக் குழாய்த் தண்ணீர் கேளுங்கள், அது இலவசம்.

ஒரு சனிக்கிழமை ரயிலேறி தாங் லெர்மிதாஜ் போய் வாருங்கள். லியோனிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். நிலையத்திலிருந்து நடந்தே போகும் தூரத்தில் 1933இல் தொடங்கிய விவசாயிகளின் கூட்டுறவு நிலவறை இருக்கிறது. புகழும் விலையும் மிகுந்த ஒயின் விளையும் எர்மிதாஜ் குன்றை அண்ணாந்து பார்த்துவிட்டு, அதைச் சுற்றியுள்ள சமநிலத்தின் குரோஸ் எர்மிதாஜை வாங்கி வருவது என் வழக்கம். கூட்டுறவு நிலவறைகள் பலவற்றில் மூன்று அல்லது ஐந்து லிட்டர் ஒயினைப் பையில் அடைத்துப் பெட்டியில் வைத்து விற்பார்கள்; காற்று புகாததால் திறந்த பிறகும் சில வாரங்கள் கெடாது, ஒருவர் வசிக்கும் அறைக்கு இதைவிடச் சிக்கனமானது வேறில்லை. நண்பர்களின் காரில் போனால் ஓட்டுபவர் சுவைக்க வேண்டாம். இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்பதே வரம்பு, புதிதாக உரிமம் பெற்றவருக்கு 0.2.

நம் சாப்பாட்டோடு எது சேரும் என்பதிலும் செலவை மிச்சப்படுத்தலாம். காரமும் துவர்ப்பும் சேர்ந்தால் எரிச்சல் கூடும், மது அளவு அதிகமான ஒயின் அதை இன்னும் கிளறிவிடும். எனவே விலையுயர்ந்த தடித்த சிவப்பு ஒயினை ஆட்டுக்கறிக் குழம்போடு வைப்பது இரண்டுக்குமே கேடு. அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தெடுத்த ரேனியே பிரியாணிக்கு அழகாகப் பொருந்தும். புளி கரைத்த மீன் குழம்புக்கு, புளிப்பு மிகுந்த அலிகோத்தே என்ற பர்கண்டி வெள்ளை ஏற்றது; ஷார்தொனேயின் புகழில் மறைந்துபோன திராட்சை என்பதால் அதன் விலையும் குறைவு.

பெற்றோர் கொண்டுபோவதைப் பற்றி: இந்தியச் சுங்க விதிப்படி வயதுவந்த பயணி ஒவ்வொருவரும் இரண்டு லிட்டர் வரை வரியின்றிக் கொண்டுபோகலாம், ஆகவே ஆளுக்கு இரண்டு புட்டி, மொத்தம் நான்கு. மீறினால் வரி ஒயினின் விலையையே தாண்டிவிடும். கைப்பையில் வைக்க முடியாது, பெட்டியில் துணிகளுக்கு நடுவே ஒவ்வொன்றையும் தனித்தனியே சுருட்டி வையுங்கள். அம்மாவுக்கு இனிப்பு பிடிக்கும் என்றாலும் செர்தோனைக் கொடுத்தனுப்பாதீர்கள், நுரை ஒயின் வெயிலையும் குலுக்கலையும் தாங்காது. அதை அவர்கள் இங்கே இருக்கும்போதே நன்றாகக் குளிரவைத்துத் திறந்து கொடுங்கள். கொண்டுபோவதற்கு இரண்டு மொர்கோனும் இரண்டு குரோஸ் எர்மிதாஜும் வாங்குங்கள். ஊருக்குப் போனதும் அவற்றைச் சமையலறை அலமாரியில் வைக்காமல் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் படுக்கவைத்து, சில மாதங்களுக்குள் குடித்துவிடச் சொல்லுங்கள்.